விலை ஏறினால் கூலியும் ஏறுமா? சொகுசுக் கைப்பை வாங்கும் முன் ஒரு கேள்வி

நித்யா_அடையாறு | 9 ஜூலை 2025, மாலை 6:12

மல்லி அக்கா, ஒரு கேள்வி. ஆகஸ்டில் பாரிஸ் போகிறோம். பத்தாவது கல்யாண நாளுக்கு அவர் ஒரு பிராண்டு கைப்பை வாங்கித் தருகிறேன் என்கிறார். இரண்டரை லட்சம் ஆகும். என் தங்கை இது அநியாயம் என்று சண்டை போடுகிறாள். நான் சொல்வது இதுதான்: ஆயிரம் ரூபாய்ப் பையைத்தான் யாரோ வயிறு காய்ந்து தைத்திருப்பார்கள். இரண்டரை லட்சம் கொடுத்தால் தைத்தவருக்கும் நல்ல சம்பளம் போயிருக்கும், பையும் ஆயுசுக்கும் உழைக்கும். அப்படிப் பார்த்தால் விலை உயர்ந்ததை வாங்குவதுதான் நியாயம். நான் நினைப்பது சரிதானே?

குரோம்பேட்டை மல்லி | 9 ஜூலை 2025, இரவு 10:50

சரியில்லை நித்யா. இரண்டு விஷயத்தை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். பை நல்லதா என்பது ஒன்று. தைத்தவருக்கு நல்லது நடந்ததா என்பது வேறு. முதலாவதைப் பையைப் புரட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டாவது பையில் எந்த மூலையிலும் தெரியாது, விலைச்சீட்டிலும் தெரியாது.

பதினோரு வருஷம் தோல் பை கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் இருந்தேன். ஐரோப்பியப் பெயர் பொறித்த பைகள் என் மேசையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். இப்போது குரோம்பேட்டையில் பை, பெல்ட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊருக்குப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. தோலை விட்டுப் போக எனக்கு வழியில்லை.

போன வருஷம் ஜூனில் மிலான் நீதிமன்றம் பிரெஞ்சு சொகுசு பிராண்டான தியோரின் இத்தாலிய உற்பத்திப் பிரிவு ஒன்றை ஒரு வருஷத்துக்கு நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் வைத்தது. மிலானைச் சுற்றியிருந்த துணை ஒப்பந்தப் பட்டறைகளில் போலீஸ் சோதனை போட்டபோது, ஆட்கள் பட்டறையிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். மின்சாரக் கணக்கைப் பார்த்ததில் ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் மெஷின் ஓடியது தெரிந்திருக்கிறது. வேலை வேகமாக நடக்க மெஷினின் பாதுகாப்பு மூடியையே கழற்றி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு பைக்குப் பட்டறைக்குப் போனது 53 யூரோ. கடையில் அதே பை 2,600 யூரோ. யூரோ இப்போது ஏறக்குறைய நூறு ரூபாய். நீங்கள் சொல்கிற இரண்டரை லட்சம் அப்படியே இதுதான்.

குரோம்பேட்டை மல்லி | 11 ஜூலை 2025, காலை 7:05

முந்தாநாள் ராத்திரி எழுதியதைப் படித்தால் விலை உயர்ந்த பை எல்லாம் ஏமாற்று என்று சொன்ன மாதிரி இருக்கிறது. அப்படி நினைக்கவில்லை. தரம் உண்மையாகவே இருக்கிறது, அதைக் கையில் தொட்டிருக்கிறேன்.

நேற்று பாரிஸில் சதபீஸ் ஏலத்தில் நடிகை ஜேன் பர்க்கின் வைத்திருந்த பழைய எர்மேஸ் பை 86 லட்சம் யூரோவுக்குப் போயிருக்கிறது. எர்மேஸ் அவருக்காக முதன்முதலில் செய்து கொடுத்த பை அது. அந்தப் படத்தை நேற்று முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோலில் கீறல், கறை, ஸ்டிக்கர் ஒட்டிப் பிய்த்த தடம், பட்டையில் தொங்குகிற நகவெட்டி. என் மேசைக்கு வந்திருந்தால் குறையைக் காட்ட எத்தனை சிவப்பு அம்பு ஒட்டியிருப்பேன்! ஆனால் தையலைப் பாருங்கள். நாற்பது வருஷம் ஆகியும் விடவில்லை.

அந்தத் தையல் இரண்டு ஊசித் தையல். மெழுகு தேய்த்த ஒரே லினன் நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகப் போய் வரும். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொண்டு நிற்கும். மெஷின் தையலில் மேல்நூலும் பாபின் நூலும் நடுவில் கொக்கி போட்டுக்கொள்வதோடு சரி. ஓரிடத்தில் அறுந்தால் இழுக்க இழுக்க வரும். சேணம் தைத்தவர்களின் தையல் அது, குதிரை மேல் இருப்பவன் உயிர் அதில் தொங்கியது. எர்மேஸ் ஆரம்பத்தில் சேணக் கம்பெனிதான்.

கடையில் நின்று எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். முதலில் கைப்பிடி பையோடு சேருகிற இடம். பாரம் முழுக்க அங்கேதான். அதை மெல்ல மடக்கினால் ஓரத்துச் சாயம் வெடிக்கக் கூடாது. ஓரத்துக்கு ஒரு கோட் அடித்துக் காயவைத்து, உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்க்க வேண்டும். அவசர ஆர்டரில் முதலில் திருடுவது இந்த வேலையைத்தான். அடுத்து, தோலைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். முகம் கெடாத தோல் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கம் காட்டி, எடுத்ததும் பழையபடி ஆகும். மேல்முகத்தைத் தேய்த்துப் பூச்சுப் போட்டு அச்சு வைத்த தோல் பிளாஸ்டிக் மாதிரி மொத்தமாக அமுங்கும். பூச்சுத் தோலை மட்டம் என்று சொல்லவில்லை, கீறல் விழாது, மழைக்குத் தாங்கும். முகத்தோல் விலைக்கு அதை விற்றால்தான் கோபம் வரும். பிறகு உள்லைனிங்கை வெளியே இழுத்துப் பாருங்கள். யாரும் பார்க்காத இடத்தில் தையல் நேராக இருந்தால் அந்தப் பட்டறையில் யாரோ ஒருவர் அக்கறையோடு உட்கார்ந்திருக்கிறார்.

என் கணக்கு இது, என் கைப்பழக்கத்தில் சொல்வது. இருபது, இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரைக்கும் விலை ஏற ஏறத் தோலிலும் பித்தளையிலும் உழைத்த நேரத்திலும் அது தெரியும். அதற்கு மேல் வித்தியாசம் மெலிந்துகொண்டே போகும். ஒரு லட்சத்துப் பையையும் மூன்று லட்சத்துப் பையையும் பெயரை மறைத்து நீட்டினால், பெரும்பாலும் லென்ஸ் வைத்தாலும் எது எது என்று என்னால் சொல்ல முடியாது.

குரோம்பேட்டை மல்லி | 12 ஜூலை 2025, மதியம் 2:20

திருத்தம். "கணக்குப்பிள்ளை" என்ற பெயரில் எழுதுபவர் சரியாகப் பிடித்தார். 53 யூரோ முழு அடக்கவிலை அல்ல. தோல், உலோகச் சாமான் விலை அதில் சேராது. தியோர் தரப்பும் அந்தப் பட்டறைகள் ஆண்களுக்கான தோல் சாமான்களின் ஒரு பகுதி வேலையைத்தான் செய்தன, பத்திரிகையில் வந்த லாபக் கணக்கு தப்பு என்று சொல்லியிருக்கிறது. இந்த வருஷம் பிப்ரவரி கடைசியில், கெடு முடிவதற்கு முன்பே, நீதிமன்றம் அந்த நிர்வாகத்தை விலக்கிக்கொண்டது. சீர்திருத்தம் செய்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டுதான். இதையெல்லாம் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

அவரே இன்னொன்றும் கேட்கிறார்: கடை வாடகை, விளம்பரம், டிசைனர் சம்பளம் எல்லாம் யார் கொடுப்பது? நியாயமான கேள்வி. தியோரை வைத்திருக்கிற எல்விஎம்எச் குழுமத்தின் 2024 கணக்கில் விற்பனை வருமானத்தில் பொருளின் அடக்கம் போக நிற்பது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. சாராயம், வாசனைத் திரவியம் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு அது, பைக்கு மட்டும் அல்ல. அந்த மூன்றில் இரண்டில்தான் நீங்கள் சொன்ன எல்லாச் செலவும், பிறகு லாபமும். சரி. ஆனால் தோலும் கூலியும் சேர்ந்ததே மீதி ஒரு பங்குக்குள் என்றால், கூலியை இரண்டு மடங்காக்கினாலும் கடை விலை எவ்வளவு ஏறும்? கடைக்காரர் கண்ணாடியில் ஒட்டுகிற பூவுக்குக்கூட அதைவிடச் செலவாகும். பணம் இல்லாமல் கூலி குறையவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

குரோம்பேட்டை மல்லி | 15 ஜூலை 2025, இரவு 9:30

இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. நேற்று மிலான் நீதிமன்றம் லோரோ பியானாவையும் ஒரு வருஷம் நிர்வாகத்தின் கீழ் வைத்துவிட்டது. காஷ்மீர் கம்பளிக்குப் பெயர் போன கம்பெனி. சம்பள பாக்கி கேட்ட தொழிலாளியைப் பட்டறை முதலாளி அடித்துக் காயப்படுத்தியதில்தான் விஷயம் வெளியே வந்திருக்கிறது. கம்பெனி ஒருவருக்கு ஆர்டர் கொடுக்க, அவரிடம் தைக்க மெஷினே இல்லை. அவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் கடைசியில் ஒரு பட்டறைக்கு. 3,000 யூரோவுக்கு மேல் விற்கிற ஜாக்கெட்டுக்கு நடுவில் கைமாறிய தொகை நூற்றுச் சொச்சம் யூரோ என்று செய்தி. கம்பெனி அந்தத் தொகையை மறுக்கிறது, தெரிந்தவுடன் அந்த சப்ளையரை விட்டுவிட்டோம் என்கிறது.

"தெரியாது" என்ற வார்த்தையைப் பற்றி எழுத வேண்டும்.

எங்கள் கம்பெனி பையோடு ஷூ மேல்பாகமும் கொஞ்சம் செய்தது. கையால் தைக்கிற லோஃபர் மேல்பாகத்தை உள்ளே தைத்தால் கட்டுப்படியாகாது. ஆம்பூர் பக்கத்துக் கிராமங்களுக்கு மூட்டையாகப் போகும். சமையல் முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வாசலில் உட்கார்ந்து பெண்கள் தைப்பார்கள். 2012-ல் ஜோடிக்கு ஏழு ரூபாய், எட்டு ரூபாய். ஊசி அவர்களுடையது. விரல் மடிப்பில் நூல் அறுத்து அறுத்துக் கோடு விழுந்திருக்கும், மழைக்காலத்தில் ஆறாது. மூட்டை கொண்டு போகிற ஏஜென்டுக்கு அவர்கள் பெயர் தெரியும். எங்கள் சூப்பர்வைசருக்கு ஏஜென்டைத் தெரியும். எனக்கு மூட்டை எண் தெரியும். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரருக்கு எங்களைத் தெரியும். இப்படி ஒவ்வொருவருக்கும் அடுத்த ஆள் வரைக்கும்தான் தெரியும்படி ஒரு சங்கிலி. மூட்டை எண்ணைப் பார்த்தே "இது அந்த ஊர்த் தையல்" என்று எனக்குத் தெரியும், அவ்வளவு ஒழுங்காக இருக்கும். கூலி எவ்வளவு என்று நான் கேட்டது வேலையை விட்ட பிறகுதான்.

குரோம்பேட்டை மல்லி | 15 ஜூலை 2025, இரவு 11:10

"ஆடிட் நடக்குமே அக்கா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நடக்கும். முன்கூட்டியே தேதி தெரியும். அன்றைக்குக் கழிவறையில் சோப்பு இருக்கும், முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கும், எல்லோருக்கும் புது முகமூடி. ஓவர்டைம் கேட்டால் வாரத்துக்கு இவ்வளவுதான் என்று சொல்லப் பழக்கியிருப்பார்கள். நானும் சொன்னேன். அந்த மாதம் என் சம்பளச் சீட்டிலும் அதே கணக்குத்தான் எழுதியிருந்தது, மீதி கவரில் வந்தது. இதை எழுதக் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

குரோம்பேட்டை மல்லி | 20 ஜூலை 2025, காலை 6:40

ஞாயிறு. கடை இல்லை. ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது ஒன்று.

2010 அல்லது 2011. ஒரு ஐரோப்பிய ஆர்டர், டான் நிறத் தோள்பை. அதில் ஒரு பை என் மேசைக்கு வந்தது. தையல் அற்புதம், ஓரம் கண்ணாடி மாதிரி. முன்பக்கத்துப் பெயர் மட்டும் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்து அச்சாகியிருந்தது. அச்சு வைத்தவர் தப்பு, தைத்தவர் தப்பு அல்ல. ஒரு மில்லிமீட்டருக்கு ரிஜெக்ஷன். ரிஜெக்ஷன் ஆனதை வெளியே விடக்கூடாது என்று ஒப்பந்தம், ஊழியருக்கும் விற்கக்கூடாது. வெட்டிப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

கத்தரி என் கையில். எதிரே மூன்றாவது மெஷினில்தான் அதைத் தைத்தவர், ஐம்பது வயதுக்காரர். நான் வெட்டப் போவதைப் பார்த்து மெஷினை நிறுத்திவிட்டார். நான் முதலில் கைப்பிடியை வெட்டினேன், பிறகு முன்பக்கத்தைக் குறுக்கே. நல்ல தோல் சுலபமாக வெட்டுப்படாது, இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி மெஷினை ஓட்ட ஆரம்பித்தார். மதியம் சாப்பிடும்போது "மூணு மணி நேர வேலைம்மா" என்று மட்டும் சொன்னார்.

2018-ல் பர்பெரி கம்பெனி ஒரே வருஷத்தில் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்தது என்று செய்தி வந்தபோது எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வந்தது. ஊரே கூடித் திட்டிய பிறகு அந்த வருஷ செப்டம்பரில் இனி எரிக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். பிரான்சில் 2022-லிருந்து விற்காத துணிமணியை அழிக்கச் சட்டப்படியே தடை. நல்ல சட்டம். தள்ளுபடியில் விற்றால் பெயர் மட்டமாகிவிடும் என்று பயந்து எரித்தவர்கள் அவர்கள். பொருள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, எல்லோருக்கும் கிடைக்கவும் கூடாது. வாங்குகிறவர் காசு கொடுப்பதில் பெரும்பங்கு இந்தக் "கிடைக்காமைக்கு"த்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

குரோம்பேட்டை மல்லி | 27 ஜூலை 2025, மாலை 5:15

"அப்படியானால் வாங்குகிறவர்கள் எல்லாம் பகட்டுக்காரர்களா?" நித்யாவின் தங்கையே வந்து கேட்டிருக்கிறார். இல்லை அம்மா. கடை வைத்த ஏழு வருஷத்தில் இந்த வார்த்தையைச் சொல்வதையே விட்டுவிட்டேன்.

ஒரு டாக்டரம்மா வருவார். கையில் ஃபர்ஸ்ட் காப்பி, அசல் மாதிரியே செய்த போலி, அவருக்கே தெரியும். "யாரும் கேட்டதே இல்லை மல்லி" என்பார். எப்படிக் கேட்பார்கள்? காரிலிருந்து இறங்குகிறவர் கையில் இருப்பது அசல்தான். அதே வாரம் ஒரு பெண் வந்தாள், ஐ.டி. கம்பெனி ரிசப்ஷனில் வேலை. இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி, செகண்ட் ஹேண்டில் அசல் பை வாங்கியிருக்கிறாள். ஜிப் ரன்னர் மாற்ற வந்தாள். நான் திறந்து பார்த்தேன், உள்ளே தையலும் எண்ணும் எல்லாம் சரி, சந்தேகமே இல்லாத அசல். ஆபீஸில் எல்லோரும் "எங்கடி டூப்ளிகேட் வாங்கினே" என்று கேட்கிறார்களாம். அழுதுவிட்டாள். பை அசலா என்று யாரும் பையைப் பார்த்து முடிவு செய்வதில்லை, தூக்கி வருகிறவரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அவள் வாங்க நினைத்தது தோலை அல்ல. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் தன்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதைத்தான். அது கிடைக்கவில்லை.

இன்னொருவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. மனைவி இறந்த பிறகு அவர் பையைக் கொண்டு வந்தார், பூஞ்சை பிடித்திருந்தது. அதை அந்த அம்மா ஒரே ஒரு தரம்தான் எடுத்துப் போனாராம், மகள் பட்டமளிப்புக்கு. மீதி நாளெல்லாம் பீரோவில், துணியில் சுற்றி. யாருக்குக் காட்டினார் அவர்? தனக்குத்தான். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் "என்னிடம் அது இருக்கிறது" என்பதற்காக. இதைப் பகட்டு என்று எப்படிச் சொல்வேன்?

ஆசை தப்பில்லை. அந்த ஆசையைத் தெரிந்து வைத்துக்கொண்டு வருஷா வருஷம் விலையை ஏற்றுகிறார்களே, அதைத்தான் கேட்க வேண்டும். ஷனேலின் கிளாசிக் நடுத்தர அளவுப் பை 2024-ல் 10,000 யூரோவைத் தாண்டியது. 2019-லிருந்து பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த ஐந்து வருஷத்தில் தோல் இரண்டு மடங்கு நல்லதாகவில்லை, தைத்தவர் கூலியும் இரண்டு மடங்காகவில்லை.

குரோம்பேட்டை மல்லி | 2 ஆகஸ்ட் 2025, இரவு 8:45

சுருக்கமாக. இத்தாலியின் போட்டி ஆணையம் அர்மானிக்கு 35 லட்சம் யூரோ அபராதம் போட்டிருக்கிறது. எங்கள் உற்பத்தி நெறிப்படி நடக்கிறது என்று வாடிக்கையாளரிடம் சொன்னது உண்மைக்குப் புறம்பு என்று. கம்பெனி மேல்முறையீடு செய்வதாகச் சொல்கிறது. போன வருஷ வழக்கில் அவர்கள் பைக்கு வந்த கணக்கு: பட்டறைக்கு 93 யூரோ, சப்ளையர் அர்மானிக்கு விற்றது 250, கடையில் 1,800.

எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. இதுவரை கூலி என்பது தொழிலாளியின் வழக்கு. இப்போது வாங்குகிறவரின் வழக்கும் ஆகிவிட்டது: நியாயமாகச் செய்தோம் என்று சொல்லி விற்றால், அந்த நியாயமும் பொருளின் ஒரு பாகம்.

குரோம்பேட்டை மல்லி | 3 ஆகஸ்ட் 2025, காலை 10:00

"பாலாற்றங்கரை" என்ற அன்பர் கோபமாக எழுதியிருக்கிறார்: இத்தாலியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், ராணிப்பேட்டையைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று. உண்மை. பட்டியல் போட எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

குரோம் உப்பில் தோல் ஒரு நாளில் பதமாகிவிடும். ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று பட்டைத் தண்ணீரில் போட்டால் வாரக்கணக்கில் ஆகும். திருச்சி, திண்டுக்கல் பக்கம் பட்டைத் தோல் இன்னும் செய்கிறார்கள், ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று புவிசார் குறியீடும் இருக்கிறது. உலகம் பெரும்பாலும் குரோமுக்குப் போனது அவசரத்தால், மலிவால், மென்மையால். அந்தத் தண்ணீர் பாலாற்றில் போனது. வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இந்த ஜனவரியில் மறுபடி அதே நீதிமன்றம், அதே பாலாறு, அதே ஈட்டுத்தொகை. நடுவில் 2015 ஜனவரி 31 விடியற்காலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் கழிவில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களும் வேலை செய்த இடத்திலேயே படுத்திருந்தவர்கள்தான்.

நான் இத்தாலியைப் பற்றி முதலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. "மேட் இன் இத்தாலி" என்றால் நல்ல கூலி, நம் ஊர் என்றால் கெட்ட கூலி என்று நித்யா மாதிரிப் பலர் நினைக்கிறார்கள். ஊர்ப் பெயர் முக்கிய வேலை கடைசியாக எங்கே நடந்தது என்பதைச் சொல்லும். யார் எந்தக் கூலிக்குச் செய்தார் என்பதைச் சொல்லாது.

குரோம்பேட்டை மல்லி | 10 ஆகஸ்ட் 2025, இரவு 10:25

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

நித்யாவின் தங்கை நேராகக் கேட்டார்: "அக்கா, உங்கள் மகள் கல்யாணப் பட்டு எவ்வளவு?" நாற்பத்தெட்டாயிரம். காஞ்சிபுரம், கோர்வைக் கரை, அதாவது வேறு நிறக் கரையைத் தறியிலேயே உடலோடு கோர்த்து நெய்தது. கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். முந்தானை இணைப்பைப் புரட்டிப் பார்த்தேன், ஜரிகையைச் சுரண்டிப் பார்த்தேன், சில்க் மார்க் இருக்கிறதா என்று கேட்டேன். செக்கிங்காரி அல்லவா. நெய்தவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

சில்க் மார்க் அது சுத்தப் பட்டு என்று மட்டும்தான் சொல்லும். தறியில் உட்கார்ந்தவர் முன்பணக் கடனில் இருக்கிறாரா என்று சொல்லாது. கோர்வை போட இரண்டு ஆள் வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவர். ஒரு காலத்தில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் பிள்ளைகள். இப்போது பெரும்பாலும் மனைவி. மனைவிக்குத் தனிக் கூலி உண்டா? புடவைக்கு ஒரு கூலிதான், வீட்டுக்கு வருகிறது.

ஏன் வாங்கினேன்? சம்பந்தி வீட்டார் தொட்டுப் பார்ப்பார்கள் என்பதற்காக. என் அம்மாவுக்குக் கட்டக் கிடைக்காததை என் மகள் கட்ட வேண்டும் என்பதற்காக. மேடையில் அவள் திரும்பியபோது கரை வெளிச்சத்தில் மின்னியது, எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த நாற்பத்தெட்டாயிரத்தை நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் இல்லை. ஆகவே ஜூலை 27-ல் பீரோவில் பையை வைத்திருந்த அம்மாவைப் பற்றி எழுதியபோது, தெரியாமலே என்னைப் பற்றியும்தான் எழுதியிருக்கிறேன்.

போன வாரம் அந்தக் கடைக்குப் போன் செய்து கேட்டேன். "அதெல்லாம் கூட்டுறவில் கேளுங்கம்மா" என்றார்கள். பில் எண்ணை வைத்து மறுபடி கேட்கப் போகிறேன்.

குரோம்பேட்டை மல்லி | 11 ஆகஸ்ட் 2025, காலை 8:10

கோலாப்பூர் செருப்பைப் பற்றி நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். ஜூனில் மிலான் ஃபேஷன் ஷோவில் இத்தாலிய பிராண்டு பிராடா காட்டிய செருப்பு, கால் கட்டைவிரல் வளையம் உட்பட நம் ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய சாயல். குறிப்பில் எழுதியது "தோல் செருப்பு" என்று மட்டும். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் எட்டு மாவட்டத்துக்கு 2019-லேயே புவிசார் குறியீடு இருக்கிறது. சத்தம் கிளம்பிய பிறகு இந்தியக் கைவினையிலிருந்து வந்ததுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டது நல்லது. தைக்கிறவர் வீட்டுக்கு என்ன போகும் என்று தெரிந்தால் மேலே பேசலாம்.

நித்யா_அடையாறு | 23 ஆகஸ்ட் 2025, இரவு 9:00

அக்கா, திரும்பி வந்துவிட்டோம். வாங்கிவிட்டேன். உங்களிடம் மறைக்க மனசில்லை. கைப்பிடி, ஓரம், லைனிங் எல்லாம் நீங்கள் சொன்னபடி பார்த்தேன், நன்றாக இருக்கிறது. விற்கிற பெண்ணிடம் "இதை யார் தைத்தது, எங்கே?" என்று கேட்டேன். "இத்தாலியக் கைவினைஞர்கள், மேடம்" என்று சிரித்தாள். ஊர்? பட்டறை? தெரியாது. அவர் என் கையை அழுத்தினார், போதும் என்று. திட்டாதீர்கள்.

குரோம்பேட்டை மல்லி | 24 ஆகஸ்ட் 2025, காலை 6:30

திட்டவா போகிறேன். பத்து வருஷக் கல்யாணத்துக்கு ஆசையாக வாங்கித் தந்தது, சந்தோஷமாக எடுத்துப் போங்கள். அந்தக் கேள்வியை அந்தக் கடையில் கேட்டீர்களே, அது மட்டும் போதாது, ஆனாலும் எனக்கு நிறைவாக இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, பாவம். ஆனால் யாருக்குமே தெரியாது என்று நினைக்காதீர்கள். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு மஞ்சள் சீட்டு சேர்ந்தே வரும். வெட்டியவர் எண், ஓரம் சீவியவர் எண், தைத்தவர் எண், மேசை எண், தேதி. ஏதாவது தப்பு இருந்தால் யாரிடம் திருப்பி அனுப்புவது என்பதற்காக. கடைசியில் என் கையெழுத்து. கையெழுத்துப் போட்டதும் சீட்டை உருவி எடுத்துவிட்டு, பையில் காகிதம் திணித்து, துணி உறையில் போட்டுப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது சீட்டு உருவுவேன். சாயங்காலம் என் காலடியில் அந்தக் கூடை நிறைந்திருக்கும்.

உங்கள் பையின் உள்பாக்கெட்டில் கைவிட்டுத் தடவுங்கள். ஒரு சின்னத் தோல் துண்டிலோ லைனிங் ஓரத்திலோ எழுத்தும் எண்ணும் இருக்கும். பல பிராண்டுகளில் அதில் பட்டறையும் காலமும் இருக்கிறது, அவர்களுக்குப் படிக்கத் தெரியும். அதைப் படம் எடுத்து வையுங்கள். அந்த எண்ணைச் சொல்லி, இது எந்தப் பட்டறை என்று அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் இங்கே போடுங்கள், வராவிட்டாலும் போடுங்கள். என் பட்டுப்புடவை பில்லுக்கு வரும் பதிலையும் நான் போடுகிறேன்.

அப்புறம் பையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்துக்குப் பதினைந்து நாளில் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தித் துணியில் சுற்றி, உள்ளே காகிதம் அடைத்து, கைப்பிடி மடங்காமல் நிறுத்தி வையுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் வாரம் ஒரு தரம் வெளியே எடுத்து, ஃபேன் காற்றில் அரை மணி நேரம் திறந்து வைத்தால் போதும்.